இரண்டு மாடும் ஒரு தேட்டமும்

என் கணவர் விடுமுறை முடிந்து மறுபடியும் சவுதிக்கு, தம்மாமுக்குப் போன வருடம்தான் நான் முதன்முதலாக வேலைக்குப் போனேன். திருவனந்தபுரத்தில் அவரை விமானம் ஏற்றிவிட்டு, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்குத் திரும்பி வந்த பிறகு, வீட்டில் எதைத் தொட்டாலும் அவர் தொட்டுவிட்டுப் போனதாகவே இருந்தது. அவர் கழற்றிப் போட்ட சாரத்தை அவர் அம்மா துவைக்கக் கேட்டபோது, "நாளைக்குத் துவைக்கேன் மாமி" என்று சொல்லிச் சொல்லி ஒரு வாரம் கொடியிலேயே போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆம்பிளைகள் கிடையாது. சவுதி, துபாய், கத்தார் என்று ஆளுக்கொரு பக்கம் இருப்பார்கள். பெருநாள் அன்றைக்குக்கூடத் தெரு முழுக்கப் பெண்கள் குரலாகத்தான் கேட்கும். அது யாருக்கும் குறையாகவும் தெரியாது. எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. கல்யாணமான புதுப்பெண்ணா நான்? மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கூடப் படித்த ஒருத்திதான் வேலை பற்றிச் சொன்னாள். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்குக் கறவை மாடோ, ஆடோ, தையல் மிஷினோ கொடுத்து, அதை வைத்துப் பிழைக்கவும் சொல்லிக்கொடுக்கும் ஒரு அரசுத் திட்டம். அதற்கு வெளிநாட்டு வளர்ச்சி வங்கி ஒன்று கடன் கொடுக்கிறது. கொடுத்த கடனால் ஏழைகளுக்கு உண்மையிலேயே நன்மை நடந்ததா என்று வங்கிக்குத் தெரிய வேண்டும். அதனால் திட்டம் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, கடைசியாக ஒரு தடவை என்று வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் எடுத்தார்கள். பெண்களிடம் கேட்பதற்குப் பெண்கள்தான் வேண்டும் என்றார்கள்.

மாமி கேட்டுவிட்டு அரிசியைப் புடைத்து முடித்தார். அப்புறம், "போயிட்டு வா பிள்ள. வீட்டுக்குள்ளேயே கெடந்து மோட்டப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு, நாலு சனத்தப் பாத்தா நல்லதுதான்" என்றார். நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பயிற்சி குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் நடந்தது. பங்குனி மாதம். அருவியில் பொட்டுத் தண்ணீர் கிடையாது; வெறும் பாறைதான் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சீசன் இல்லாததால் வாடகை மலிவு. எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சிமார் வேலையில்லாமல் நிழலில் உட்கார்ந்து, நாங்கள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு போவதை வேடிக்கை பார்ப்பார்கள்.

பயிற்சி கொடுத்தவர் சென்னையிலிருந்து வந்த ஒரு மேடம். ஆராய்ச்சியாளர். ஐம்பது வயதிருக்கும். காட்டன் சேலையும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு, எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் சொல்லிக்கொடுத்தவற்றில் மூன்று விஷயங்கள் இன்னமும் மனசில் இருக்கின்றன. கேள்வியை எழுதியிருக்கிற மாதிரியே கேட்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் பக்கத்தில் இல்லாதபோது அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும். நம்முடைய கதையை அங்கே சொல்லக் கூடாது.

"ஏன் மேடம், சொன்னா என்ன?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நீங்க அழுதா அவங்களும் அழுவாங்க. நீங்க சிரிச்சா அவங்களும் சிரிப்பாங்க. நமக்கு அவங்க பதில் வேணும். நம்ம பதிலை அவங்க வாயால கேட்டு என்ன பிரயோஜனம்?" என்றார்.

சரியாகத்தான் சொன்னார்.

திட்டம் வரப்போகிற ஊர்களுக்கும் போனோம், வராத ஊர்களுக்கும் போனோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான், வந்த மாற்றம் திட்டத்தால் வந்ததா, நல்ல மழை பெய்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியுமாம். ராயகிரிப் பக்கம் நாங்கள் போன ஊர்களெல்லாம் திட்டம் வராத ஊர்கள். அங்கே பெண்கள் மோர் கொடுத்து, கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில், "எங்களுக்கு எப்பம்மா மாடு தருவாக?" என்று கேட்பார்கள். "நாங்க கேக்க மட்டும்தான் வந்திருக்கோம்" என்று சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். பஸ் வருகிறவரைக்கும் மோரின் உப்பு நாக்கிலேயே இருக்கும்.

நான் சொல்ல வந்தது சுரண்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிற ஒரு அக்காவைப் பற்றி. அவர்கள் ஊர் திட்டம் வரப்போகிற ஊர். முதல் தடவை நான் போனபோது, வெங்காயம் பிடுங்கிவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். ஓட்டு வீடு, பின்னால் ஒரு வேப்பமரம், அதற்கடியில் வெறுமனே அடித்து வைத்த இரண்டு முளைக்குச்சிகள். மாடு இன்னும் வரவில்லை. குச்சியை அடித்து வைத்துவிட்டாள்.

டேப்லெட்டில் வரிசையாகக் கேள்வி வரும். அரிசி எத்தனை நாளைக்கு வந்தது, கடந்த மாதம் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரர் எங்கே என்ற கேள்வி வந்தது.

"மஸ்கட்ல. கம்பி கட்டுத வேல."

"போன ஒரு வருசத்துல எத்தன மாசம் வீட்ல இருந்தாரு?"

"இருக்கவே இல்ல. அவரு போயி மூணாவது வருசம் நடக்கு." கை ஈரத்தை முந்தானையில் துடைத்தாள். "மாடு வந்துட்டா அவர வரச் சொல்லிருவேன். அதுக்குத்தான் மாடு கேட்டேன். ஆபீசர் கேட்டாரு, ஆடு வேணுமா, தையல் மிஷினு வேணுமான்னு. எனக்கு மாடுதான் வேணும்னேன். மாடுன்னா ரெண்டு பேரு வேல இருக்குலா? நான் ஒருத்தி பாக்க முடியாதுல்லா? அப்ப வந்துதான ஆவணும்."

மாட்டை அவள் பாலுக்காகக் கேட்கவில்லை. புருஷனைக் கட்டி இழுக்கிற கயிறாகக் கேட்டிருக்கிறாள்.

அவள் என்னையே பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரு என்ன வேல பாக்காரு?"

சொல்லக் கூடாது என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "தம்மாம்ல இருக்காங்க."

அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. அதுவரை "நீங்க, வாங்க" என்று பேசியவள் சட்டென்று நெருங்கி வந்து உட்கார்ந்தாள். "அப்ப நீயும் என்னைய மாதிரிதானா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "தேடாதா ஒனக்கு?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை நினைத்து மனசு ஏங்குவதைத் தேடுது என்றுதான் சொல்வோம். பிள்ளை தகப்பனை நினைத்துச் சிணுங்கினால், "அத்தாவத் தேடுதா" என்போம். வளர்ந்த பெண்ணிடம் அப்படிக் கேட்க மாட்டார்கள். என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. "தேடும்" என்றேன். உடனே டேப்லெட்டைப் பார்த்து அடுத்த கேள்வியைப் படித்தேன்.

அன்றைக்குச் சுரண்டையிலிருந்து தென்காசிக்கு வருகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, எத்தனை மாதம் வீட்டில் இருந்தார் என்ற கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு வந்தேன். கல்யாணமானதிலிருந்து அவர் வீட்டில் இருந்த மாதங்களைக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

ஆனி பிறந்து காற்று அடிக்க ஆரம்பித்ததும் மொட்டை மாடியில் நின்று அவரோடு பேசுவேன். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருக்கும். பொடிப்பொடியாகச் சாரல் வந்து முகத்தில் விழும். வீடியோவில் அவர் முகம் வேர்த்து, கண்ணெல்லாம் சுருங்கிக் கிடக்கும். "மலைப் பக்கம் போனத் திருப்பு பிள்ள" என்பார். திருப்பிக் காட்டுவேன். பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். "சாரல் கேக்குதா மச்சான்?" என்பேன். "கேக்குது" என்பார். சாரலுக்கு ஏது சத்தம்? கேட்டிருக்காது. எனக்காகச் சொல்லுகிறார் என்று தெரியும்.

இரண்டாவது சுற்றுக்கு நான் அந்த அக்கா வீட்டுக்குப் போனபோது இரண்டு முளைக்குச்சியிலும் மாடு நின்றது. ஒன்று கறுப்பு வெள்ளை, ஒன்று செவலை. தொழுவத்துக்குத் தகரம் போட்டிருந்தாள். புண்ணாக்கும் தவிடும் ஊறுகிற வாசனை. அக்கா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். காலையிலும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். கூலி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். என்னைக் கண்டதும், "ஏட்டி, வா வா, எளைச்சிட்டியே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாடு நன்றாகக் கறக்கிறது, வாழ்க்கை முன்னேறிவிட்டது, எல்லாம் சரிதான். நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வந்ததும் கேட்டேன். வீட்டுக்காரர் எத்தனை மாதம் வீட்டில் இருந்தார்?

"வரல" என்றாள்.

பிறகு என்னை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தது. செம்மண் குவியல்மேல் கோழி கிளறிக்கொண்டிருந்தது.

"பாலு காசு வந்ததும் வீட்டத் தொடங்கியாச்சு. அவருக்கும் ஒரே சந்தோசம். தொடங்குன வீட்ட முடிக்கணும்லா? இப்ப வந்துட்டா எதை வச்சு முடிக்கன்னு கேக்காரு. நாயந்தான? நான் என்ன சொல்ல?" என்றாள். "மாடு ரெண்டையும் தெனமும் போன்ல பாக்கணும் அவருக்கு. செவலை தின்னுச்சா, கறுப்பிக்குக் கால் வீக்கம் வத்திருச்சான்னு கேப்பாரு. என்னைய ஒரு வார்த்த, தின்னியான்னு கேப்பாரா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகு, "கேப்பாரு. பாவம், கேக்காம இருப்பாரா" என்று அவளே திருத்திச் சொன்னாள்.

ஆளை இழுத்து வரத்தான் அந்த மாடுகள் வந்தன. அவை கறந்த பாலிலேயே வீடு எழும்பி, ஆளை இன்னும் தள்ளிப் பிடித்து வைத்துவிட்டது. இதில் யார்மேல் கோபப்படுவது? திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அக்காவும் ஒரு தப்பும் செய்யவில்லை. மஸ்கட்டில் வெயிலில் கம்பி கட்டுகிறவரும் வேண்டுமென்றா இருக்கிறார்?

அந்த வாரமே என் வீட்டிலும் அதுதான் நடந்தது. போனில் அவர் நல்ல குதூகலமாக இருந்தார். "நீயும் இப்ப சம்பாதிக்க. நான் இன்னும் ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிட்டு இருந்தா, தென்காசில சொந்தமா ஒரு கட போட்டுரலாம் பிள்ள. அப்புறம் எங்கயும் போவேண்டாம்" என்றார். நான் வேலைக்குப் போனால் அவர் சீக்கிரம் வந்துவிடுவார் என்று மனசுக்குள் எங்கோ நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் வாயால் அது இல்லை என்று கேட்ட பிறகுதான், அப்படி நினைத்திருந்ததே எனக்குத் தெரிந்தது. "சரி மச்சான்" என்றேன். போனை வைத்துவிட்டு, மகளுக்குத் தலை சீவிவிட உட்கார்ந்தேன். "ஏம்மா இழுக்க? வலிக்கு" என்று அவள் கத்தினாள்.

கடைசிச் சுற்றுக்குப் போகும்போது அக்கா வீட்டு வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கட்டம் போட்ட கைலி, பனியன், வெயிலில் கறுத்துப்போன கழுத்து. என்னைக் கண்டதும் சட்டை போட உள்ளே ஓடினார். அவர் வேலை பார்த்த கம்பெனியில் கட்டட வேலை முடிந்து ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். வீடு கூரை போட்டு நின்றது. பூச்சு வேலை மட்டும் பாக்கி.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏதோ என் வீட்டுக்கே ஆள் வந்துவிட்ட மாதிரி.

அக்காவிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்பதால், "அண்ணாச்சி, கொஞ்ச நேரம் வெளிய இருக்கீயளா?" என்றேன். "இருக்கேம்மா" என்று உடனே எழுந்து போனார். ஆனால் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. வேப்பமரத்தடிக்குப் போனார். செவலை தலையை ஆட்டிக்கொண்டு முட்ட வந்தது. நகர்ந்து கறுப்புப் பக்கம் போனார். அது பின்னங்காலைத் தூக்கியது. பிறகு புது வீட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்று, செங்கலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போன்ல அந்தப் பாசமா பேசுவாருலா மாட்டுட்ட? கிட்ட வந்தா ரெண்டும் விட மாட்டேங்குது. வேத்தாள்னு நெனைக்கி" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள்.

நான் கேள்விகளை முடித்தேன். அந்தக் கேள்விக்கு இந்தத் தடவை நல்ல பதில் கிடைத்தது. டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, "இப்ப சந்தோசமாக்கா?" என்று கேட்டேன். அது எந்தப் பட்டியலிலும் இல்லாத கேள்வி. நானாகத்தான் கேட்டேன்.

அவள் கொல்லைப்புறம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வந்துட்டாருட்டி. ஆனா எனக்கு இன்னும் தேடத்தான் செய்யி. யார்ட்ட சொன்னாலும் சிரிப்பாக. போன்ல எம்புட்டுப் பேசுவோம் தெரியுமா? அங்க உள்ள கூட்டாளி சண்ட, என் நாத்தனா சண்ட, எல்லாத்தையும் பேசுவோம். இப்ப எதிர்க்க உக்காந்தா பேச்சு வர மாட்டேங்குது. சாப்பிடுதீயளான்னு கேக்கேன். போடுன்னு சொல்லுதாரு. அம்புட்டுத்தான். ரெண்டு பேருக்கும் கூச்சமா இருக்கு. போன்ல பேசுன ஆளு இன்னும் வந்து சேரல."

நான் டேப்லெட்டைப் பைக்குள் வைத்தேன்.

"ஒரு கூத்து நடந்துச்சு கேளு" என்றாள். முகத்தில் வெட்கமும் சிரிப்பும் கலந்து வந்தது. "போன வாரம் சாயங்காலம் கால்வாக் கரைக்கு நடந்து போனாரு. போனவரு அங்கனருந்து எனக்குப் போன் போடுதாரு. என்னன்னேன். 'ஒண்ணுமில்ல, சும்மாதான் போட்டேன்'ன்னாரு. அப்புறம் பேச்சு வந்துச்சு பாரு! பொழுது அடையுத வரைக்கும் பேசுனோம். நான் இங்கன சாணி அள்ளிக்கிட்டே பேசுதேன். அவரு அங்கன கரைல உக்காந்து பேசுதாரு. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. இப்ப தெனமும் அப்படித்தான். சாயங்காலம் ஆனா கால்வாய்க்குக் கெளம்பிருதாரு. நானும் போன நெஞ்சுல சொருவிக்கிட்டு இருக்கேன்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. வெளியே நின்றவர் என்னவோ என்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தலையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் முடிவுகளைச் சொல்வதற்குக் குற்றாலத்திலேயே கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவை சீசன். அருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. லாட்ஜ் வராண்டா எல்லாம் ஈரத்துண்டும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது. கூட்டம் நடந்த அறையில் ஜன்னலைச் சாத்தியும் வெளிச் சத்தம் கேட்டது. அதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். கேள்வி கேட்டுத் திரிந்த எங்களையும் மேடம் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்.

திரையில் கோடு கோடாக வந்தது. திட்டம் வந்த ஊர்களில் வருமானக் கோடு மேலே ஏறியிருந்தது. சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, எல்லாம் வராத ஊர்களைவிட நன்றாக இருந்தது. முன்வரிசையில் கை தட்டினார்கள். பிறகு ஒரு படம் வந்தது. வீட்டு ஆண்கள் வெளியூரில் இருக்கும் மாதங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. திட்டம் வந்த ஊர், வராத ஊர் என்ற வித்தியாசமே இல்லை.

"இது குறையும்னு எதிர்பார்த்தோம். குறையல" என்றார் மேடம். எங்கள் பக்கம் திரும்பி, "ஊர்ல பார்த்தவங்க நீங்க. ஏன்னு தோணுது?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்களா, நானாகத்தான் எழுந்தேனா, நினைவில்லை. "வருமானம் வந்ததும் வீடு கட்ட ஆரம்பிக்காங்க மேடம். அத முடிக்க அவரும் அங்க இருக்க வேண்டியதாயிருது" என்றேன்.

"ஆமா. வீட்டுக் கணக்கைப் பார்த்தா அது தெரியுது" என்றார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்துதான் இருந்தது. "அதைத் தப்புன்னு சொல்ல முடியுமா? மழைக்கு ஒழுகாத வீடு வேணும்ல. ஏழைக்கு ஒரு வருமானம் புதுசா வந்தா, கையில இருக்குற இன்னொன்னை எதுக்கு விடுவாங்க? நானா இருந்தாலும் விடமாட்டேன்."

அவர் சொன்னது முழுக்க நியாயம். ஒரு பக்கம் நியாயம் முழுக்க இருக்கும்போது, இன்னொரு பக்கம் ஏக்கத்தை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? உட்கார்ந்துவிட்டேன்.

டீ குடிக்கும்போது மேடம் பக்கத்தில் வந்து, "உங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். சொன்னேன். "அப்ப உங்களைத் திட்டம் வந்த ஊர்ல சேர்க்கவா, வராத ஊர்ல சேர்க்கவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் அவ்வளவு கூட்டம். நெருக்கித் தள்ளி உள்ளே போய்த் தலையைக் கொடுத்தால், தண்ணீர் அடிக்கிற அடியில் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. பக்கத்தில் நிற்கிற பெண்கள் வாயைத் திறந்து கத்துவது தெரியும். சத்தம் மட்டும் வராது. நானும் கத்தினேன். "மச்சான்!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி மறுபடி கத்தினேன்.

வெளியே வந்து, ஈரச் சேலையோடு பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று அவருக்குப் போன் போட்டேன். அவர் வேலை பார்க்கிற கடையில் அது வியாபார நேரம். பயந்து எடுத்தார்.

"என்ன பிள்ள? அம்மாவுக்கு ஏதும்...?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்."

"பெறவு?"

"எனக்குத் தேடுது மச்சான். வந்துருங்க."

இத்தனை வருடத்தில் "எப்ப வருவீங்க" என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வாங்க என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்தப் பக்கம் யாரோ மலையாளத்தில் விலை கேட்பது கேட்டது. அவர் என்னிடம், "அப்ப நம்ம கட?" என்றார்.

"கட கெடக்கட்டும்."

"சரி" என்றார்.

தை மாதம் வந்தார். மகள் ஒரே சாயங்காலத்தில் அவர் தோளில் ஏறிக்கொண்டாள். எனக்குத்தான் நாள் ஆனது. அவர் அடுக்களைக்குள் வந்தால் சேலையைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றேன். அவர் குளித்துவிட்டு வந்தால் துண்டு எங்கே இருக்கிறது என்று விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். மாமி பார்த்துவிட்டு, "நல்ல கூத்துதான்" என்று முணுமுணுத்தார்.

சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு பழக்கடை எடுத்தார். ரம்புட்டானும் மங்குஸ்தானும் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும். நானும் மகளும் மத்தியானம் சோறு கொண்டுபோவோம். கடைக்குப் பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிடுவார். சாரல் பொழிந்துகொண்டே இருக்கும். தார்ப்பாய் ஓரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரை மகள் கையில் பிடிப்பாள். எனக்கு எப்போது கூச்சம் போனது என்று கேட்டால், அந்தப் பெட்டிகளுக்கு நடுவில்தான் என்று சொல்வேன். கார்த்திகையில் ஐயப்ப சாமிமார் கூட்டத்திலும் வியாபாரம் ஓடியது. அதற்கப்புறம் மாசி, பங்குனி. ரோட்டில் ஆளே கிடையாது. காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டு, வாழைப்பழத்தை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வருவார். மறுபடியும் வளைகுடாவுக்குப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருக்கிற கூட்டாளிகளோடு மொட்டை மாடியில் நின்று போனில் பேச ஆரம்பித்தார். நான் கீழே சோற்றை வடித்துக்கொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எர்ணாகுளத்தில் வேலை கிடைத்தது. பெரிய சூப்பர் மார்க்கெட். தம்மாமில் கற்றுக்கொண்ட மலையாளம் அங்கே உதவியது. முடிந்த சனிக்கிழமைகளில் மலை தாண்டி பஸ் பிடித்து வருவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். வருடத்துக்கும் மாதத்துக்கும் ஏங்கிய மனசு இப்போது வாரத்துக்கு ஏங்குகிறது. சின்னதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் அந்த ஏக்கம் எங்கேயோ தூரத்தில் மலைமாதிரி நிற்கும். இப்போது சனிக்கிழமை காலையிலிருந்தே வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறது.

போன மாதம் ஒரு புதன்கிழமை, வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், சுரண்டைப் பக்கத்து அக்காவும் அவள் வீட்டுக்காரரும் நின்றார்கள். செவலை கன்று போட்டிருக்கிறதாம். தூக்குவாளி நிறையச் சீம்பால். அதைச் சிந்தாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இப்போது பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோவது அவர்தான். செவலை அவர் கைக்குக் கறக்கிறது, கறுப்பு இன்னமும் உதைக்கிறது.

"சனிக்கெழமையே வந்திருந்தா ஒன் வீட்டுக்காரரையும் பாத்திருக்கலாம். நான் சொன்னேன், இவரு கேக்கல" என்றாள் அக்கா.

"சீம்பாலு சனிக்கெழம வரைக்கும் இருக்குமா? கூறு இருக்கா ஒனக்கு?" என்றார் அவர்.

"கூறு இல்லாமத்தான் ஒங்களக் கெட்டுனேன்."

இருவரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் சண்டை போட்டார்கள். மாமி கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுச் சீம்பாலை அவித்து, துண்டு துண்டாக வெட்டித் தட்டில் வைத்தார். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஒரு துண்டை மட்டும் கிண்ணத்தில் போட்டு மூடி பிரிட்ஜில் வைத்தேன். வியாழக்கிழமை திறந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் லேசாகப் புளித்த வாடை வந்தது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அடுக்களையில் நின்றுகொண்டு நானே அதைத் தின்றேன்.